பெட்டியில் கிடந்த பதில்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகம். அவர் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சுகமில்லை என்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா, இல்லை இன்னும் அந்தப் பழைய வீம்புதானா?

போனில் கூப்பிட்டால் உன்னிடமிருந்து 'ம்' தவிர ஒரு சொல் பெயராது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். வெறும் 'ம்' என்று எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே மனம் வராது அல்லவா?

புது அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. என்ன வேலை என்று இன்னும் சொல்லவில்லை. "வங்கிச் செய்திகளைச் சலிக்கிறோம்" என்றாய். அரிசியா, மாவா? அத்தான் நேற்று சாப்பிடும்போது என்னைக் கேட்டார், "இருபத்திரண்டு வருஷமா வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறேங்கிறியே, அந்தப் பணம் எந்த வழியாத்தான் போகுது?" நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மச்சான் எழுதினால் நம்புவாராம். எழுது.

இங்கே வங்கியில் எல்லாம் வழக்கம்போலத்தான். அதே வெளிநாட்டுப் பிரிவு, அதே திறக்காத ஜன்னல். நான் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியிலும் 'தயவுசெய்து' என்று இரண்டு முறை போடுகிறேனாம். உலகத்திலேயே மரியாதை மிகுந்த செய்தி நம் கிளையிலிருந்துதான் போகிறது என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேலி செய்கிறார். செய்யட்டும். மரியாதைக்கு யாரும் கட்டணம் கேட்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள். சோம்பேறித்தனம் பண்ணாமல் பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். அத்தானை லிஃப்ட் உள்ள வீடாகப் பார்க்கச் சொல், அல்லது மாடியில் உள்ளதையெல்லாம் கீழே கொண்டுவரச் சொல்.

அத்தானுக்கு இதைப் படித்துக் காட்டு. அத்தான், பணம் எங்கும் போவதில்லை. கடலுக்கு மேலேயும் இல்லை, அடியிலும் இல்லை. செய்திதான் போகிறது. "என் கணக்கில் கழித்துக்கொள், அவர் கணக்கில் ஏற்று" என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டு வங்கிக்கும் நேரடிப் பழக்கம் இல்லையென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு பெரிய வங்கி தரகர் மாதிரி நிற்கும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு குறியீடு உண்டு. முதல் நான்கு எழுத்து வங்கி, அடுத்த இரண்டு நாடு, அடுத்த இரண்டு ஊர், கடைசி மூன்று கிளை. பதினோரு எழுத்தில் உலகத்தின் எந்த மூலைக்கும் போய்விடலாம்.

நான் அந்த நடு வங்கிகளுக்காக வேலை செய்கிறேன். ஆனால் எந்த வங்கியிலும் இல்லை. பல வங்கிகளுக்குக் கூலிக்குச் சலிக்கிற அலுவலகம் எங்களுடையது. தடைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆயுதம் விற்கிறவன், கடத்துகிறவன் என்று ஆயிரக்கணக்கான பெயர்கள். அனுப்புகிறவர் பெயரோ வாங்குகிறவர் பெயரோ அதில் ஒத்துப்போனால் செய்தி நின்றுவிடும். "இவர் பிறந்த தேதி என்ன, என்ன வேலை செய்கிறார்?" என்று அனுப்பிய வங்கியைக் கேட்போம். பதில் வந்ததும் ஆள் வேறு என்று தெரிந்தால் விட்டுவிடுவோம். எங்கள் பெயரில் எதுவும் போகாது. யாருக்காகச் சலிக்கிறோமோ அந்த வங்கியின் குறியீட்டில்தான் போகும். நான் இருக்கிற ஊர் அந்தப் பதினோரு எழுத்தில் எங்கேயும் இல்லை.

பதிலில் எங்கள் கேள்வியின் எண்ணைச் சரியாகப் போட்டிருந்தால் அது தானாக வந்து உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். போடாவிட்டால் ஒரு பெட்டிக்குப் போய்விடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அநாதைப் பெட்டி. தினமும் மாலையில் அதைத் திறந்து பார்த்து, பார்த்தேன் என்று ஒரு தாளில் டிக் போட வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குப்பை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். எனக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸின் மேல்தான் கண்.

வேறு விசேஷம் இல்லை. உன் பதிலை எதிர்பார்க்கும்,

தம்பி

*

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அத்தான் உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இந்த மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஒருவர் வந்தார். பத்து வயதுப் பெண் குழந்தை வேறு நாட்டில் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, தாய் கூட இருக்கிறாள். இருதயத்தில் ஆபரேஷன். முன்பணம் வந்தால்தான் செய்வார்களாம். அங்கே இங்கே புரட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றே அனுப்பினேன். நடு வங்கியில் நின்றுவிட்டது. தடைப் பட்டியலில் இருக்கிற எவனோ ஒரு ஆயுத வியாபாரியின் பெயரும் இவர் பெயரும் ஒன்று. பிறந்த தேதியும் மற்ற விவரமும் கேட்டுக் கேள்வி வந்தது. மறுநாள் காலை அவரை வரவழைத்து, எதிரில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் வாங்கி அந்த நிமிஷமே பதில் அடித்தேன்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பினேன். தானாக வருகிற ஒரே ஒரு வரிதான் வந்தது, 'பரிசீலனையில் உள்ளது.' திங்கட்கிழமை குழந்தை போய்விட்டது.

புதன்கிழமை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டார். நான் ரத்துச் செய்தி அனுப்பினேன். அன்று மாலையே பணம் திரும்பி வந்தது. வர வேண்டிய நேரத்தில் வராதது, வேண்டாத நேரத்தில் எத்தனை வேகமாக வருகிறது பார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த செவ்வாயும். யார் நிறுத்தி வைத்தது என்று கேட்கிறார். எங்கள் பிரிவில் எல்லோரும் அவருக்குச் செவ்வாய்க்கிழமைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த மகாபாவி யாரோ, அவன் வீட்டில் குழந்தை குட்டி உண்டோ இல்லையோ. எனக்கு வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். உன் வேலை இதுதானே, நீயாவது ஜாக்கிரதையாக இரு.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலில் கிடந்தேன், பிறகு வேலை. இப்போது பரவாயில்லை. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ எழுதியிருந்த விஷயம் மனதைக் கஷ்டப்படுத்தியது. இந்த மாதிரி அலுவலகங்களில் யார் என்று கண்டுபிடிக்க முடியாது, அக்கா. ஒரு செய்தி பத்துக் கை மாறும். அவரிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடு. வாரா வாரம் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை.

எங்கள் குடியிருப்பில் கீழே தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எங்களுக்குப் பக்கத்து வீடு ஆறு மாதமாகக் காலி. ஆனாலும் அந்தப் பெட்டிக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. வாய் பிதுங்கி நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் என்று ஏழு வாரம் கழித்துச் சொல்கிறவனை என்ன செய்வது? இப்போது முழுக்கத் தேறிவிட்டாயா? அத்தான் உனக்கு ஒரு மருந்து சொல்கிறார், உலகத்து நோய்க்கெல்லாம் அவரிடம் அந்த ஒரே மருந்துதான், சீக்கிரம் தூங்கு என்பது.

பக்குவமாகச் சொல்லி அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். எழுதுவது சுலபம். செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வருவார். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். அமைதியாக உட்காருவார். அவருக்காக நான் ஒரு கேள்விச் செய்தி அனுப்புவேன், 'இந்த எண்ணுள்ள பணம் நிறுத்தப்பட்ட காரணத்தைத் தயவுசெய்து தெரிவிக்கவும், தயவுசெய்து' என்று. ஒரு மணி நேரத்துக்குள் பதில் வரும். 'பரிசீலனையில் உள்ளது.' பணம் திரும்பி மூன்று மாதமாகிறது, எதைப் பரிசீலிக்கிறார்கள்? அந்த ஒரு வரியை அச்சடித்து அவர் கையில் கொடுப்பேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், யார் என்று தெரிந்தால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று. கோர்ட்டுக்குப் போவார், பத்திரிகைக்குப் போவார் என்றுதான் மேனேஜர் பயப்படுகிறார். அவர் சொன்னது வேறு.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்மா. இன்னார்னு தெரிஞ்சா போதும். இப்ப பஸ்ல பக்கத்துல உக்கார்றவரைப் பார்த்தாக்கூட இவரா இருக்குமோன்னு தோணுது. கடைக்காரரைப் பார்த்தாலும் தோணுது. எல்லார் மூஞ்சியிலயும் அந்த ஆளு உக்காந்திருக்கான். என்னால ரோட்டுல நடக்க முடியல."

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. என்னையும் அப்படித்தான் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். நான் என் கடமையைச் செய்தேன், என்னைப் பார்த்தால் அப்படித் தோன்ற நியாயமில்லை. ஆனாலும் செவ்வாய் வருகிறது என்றாலே திங்கள் இரவு தூக்கம் வருவதில்லை.

நீ அந்த வேலையில் இருக்கிறவன். பதில் போன பிறகும் ஒரு செய்தி இப்படிக் கிடக்க எப்படி முடியும்? எனக்குப் புரியும்படி எழுது. அவருக்கு ஒரு காரணமாவது சொல்ல வேண்டும்.

அக்கா

*

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் மருந்து எனக்குப் பலிக்கவில்லை.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பதில் வந்திருக்கும். ஆனால் கேள்வியோடு சேர்ந்திருக்காது. நான் முன்பு எழுதினேனே, அந்தப் பெட்டி, அதற்குள் போயிருக்கும். அதைத் திறந்து பார்க்க வேண்டியவன் திறந்திருக்க மாட்டான். திறந்ததாக டிக் மட்டும் போட்டிருப்பான். கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது நாள் திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் இருபத்தோராம் நாள் யாருக்கும் கை போகாது. அதைத்தான் நீ அவரிடம் சொல்லலாம். ஆனால் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை.

அவர் வேலைக்குப் போகிறாரா? போவது நல்லது. ஆனால் லிஃப்ட் வேலை ஆபத்தானது, இருட்டுக் குழிக்குள் தனியாக நின்றுகொண்டு செய்கிற வேலை, மனம் வேறெங்கோ இருந்தால் கஷ்டம். கவனமாக இருக்கச் சொல்.

அந்தப் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டியைப் போன வாரம் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்துவிட்டேன். உள்ளே கடைக்காரர்களின் விளம்பரம், பழைய மின்சாரப் பில், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து முடிக்கும்வரை மேலே ஏற முடியவில்லை. அவளுக்கு நாத்தனார் ஸ்தானத்தில் நீ இருப்பதால் உன்னிடம் முறையிடப் போவதாக என் வீட்டுக்காரி சொல்கிறாள். முறையிட்டால் நம்பாதே, நன்றாகத்தான் இருக்கிறேன். அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள், ஒரு நாளைக்கு நாற்பது முறை அநாதைப் பெட்டியைத் திறக்கிறேனாம். திறப்பது என் வேலைதானே.

தம்பி

*

ஜூன் 8

தம்பி,

அவர் லிஃப்ட் மெக்கானிக் என்று உனக்கு நான் எழுதவே இல்லை. மூன்று கடிதத்தின் நகலும் என்னிடம் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். மேனேஜருக்குக்கூட அவர் வேலை என்னவென்று தெரியாது. நான் அதை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதினேன். அந்த நடு வங்கிக்கு அனுப்பிய பதிலில்.

உடனே எழுது.

*

ஜூன் 24

அக்கா,

நான்தான்.

கடிதத்தை இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். இனி மறைத்து என்ன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான் நான் செய்துகொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் திரையில்தான் அவர் பணம் நின்றது. அனுப்பியது உன் வங்கி, உன் கிளை. குறியீட்டின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டேன். கேள்வியை அனுப்பினேன். பிறகு மறந்துவிட்டேன். உன் பதில் மறுநாள் காலை பெட்டிக்கு வந்து விழுந்திருக்கிறது. உன் நினைவூட்டல்களுக்கு மெஷினே பதில் போட்டுவிட்டது, அவை என் கண்ணுக்கே வரவில்லை. அந்தப் பெட்டியை நான் அதற்கு முன்பே மூன்று வாரமாகத் திறக்கவில்லை. தினமும் டிக் போட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, வேலை அதிகமும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஐந்து நிமிஷம் மிச்சம், அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்தால் தேவலை என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஒன்பதாம் நாள் உன் ரத்துச் செய்தி வந்தது. அதில் ஒரு வார்த்தை காரணம் போட்டிருந்தாய், 'நோயாளி இறந்துவிட்டதால்.' அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். உன் பதில் மேலேயே இருந்தது. இரண்டு 'தயவுசெய்து.' தகப்பனுடைய பிறந்த தேதி, விலாசம், தொழில் எல்லாம் இருந்தது. அவற்றைப் படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இங்கே யாரும் கேட்கவில்லை. தாளில் டிக் இருந்தது, அதனால் எல்லாம் முறைப்படி நடந்ததாகக் கணக்கு. பணம் திரும்பிய பிறகு வருகிற கேள்வியை மெஷின் தொடாது. அந்த எண்ணை முதலில் தொட்டவன் நான் என்பதால் ஒவ்வொரு செவ்வாயும் உன் கேள்வி நேராக என் திரைக்குத்தான் வரும். எழுத எங்களுக்கு அனுமதி உள்ள வரி ஒன்றுதான். அதை அழுத்துவேன். நீ அதை அச்சடித்து அவர் கையில் கொடுக்கிறாய் என்பதை உன் கடிதத்தில் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த செவ்வாயும் அதையே அழுத்தினேன்.

மகாபாவி என்று எழுதினாயே, சரியாகத்தான் எழுதினாய். என் பெயரை அவரிடம் சொல்வதானால் சொல். சொல்லாவிட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான்.

தம்பி

*

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

அத்தானுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வீட்டுக்காரி போன் செய்தாள், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். சாப்பிடு.

ஜூலையில் மூன்று வாரம் உன் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று அத்தானுக்குத்தான் தெரியும். ஒரு நாள் அவர் நிதானமாகக் கேட்டார், "பதில் சரியாப் போயிருந்தா அது ஏன் அந்தப் பெட்டிக்குப் போச்சு?" அவர் உன் ஜனவரிக் கடிதத்தை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

மறுநாள் நகலை எடுத்துப் பார்த்தேன். பதில் செய்தியில் எண்ணுக்கு இரண்டு வரி. முதல் வரியில் எங்கள் எண், இரண்டாம் வரியில் நாம் யாருக்குப் பதில் சொல்கிறோமோ அவர்கள் கேள்வியின் எண். நான் இரண்டிலும் எங்கள் எண்ணையே போட்டிருக்கிறேன். பழைய பதில்களையும் எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் போடுகிறேன். முன்பெல்லாம் அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்ததால் ஒன்றும் ஆகவில்லை. பணம் போகிற செய்தியை இங்கே இரண்டு பேர் சரிபார்ப்போம். கேள்விக்குப் பதில் என்றால் ஒரு கை போதும். அது என் கை.

உனக்கு இது பிப்ரவரியிலேயே தெரியும். பெட்டியைத் திறந்த அன்றே தெரிந்திருக்கும். உன்னை மகாபாவி என்று நான் எழுதியபோதும் தெரியும். ஏன் சொல்லவில்லை? என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாயா? நீ சொல்லியிருந்தால் ஐந்து மாதம் அந்த மனிதருக்கு எதிரில் யோக்கியமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த முகத்தை நினைத்தால் இப்போது எனக்குக் கூசுகிறது.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தாளை மேஜைக்குள் போட்டுக்கொண்டார். செவ்வாய் அவர் வந்தார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, நகலைக் காட்டி, எண்ணைத் தப்பாகப் போட்டது நான், பெட்டியைத் திறக்காதது என் தம்பி என்றேன். அழக் கூடாது என்று இருந்தேன், அழவில்லை. அவர் அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொறந்தவங்களா?"

ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கி, உன் விலாசத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய், அந்தப் பெருமையை உனக்குத் தர எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு இரண்டு செவ்வாயாக அவர் வரவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் யார் என்று தங்கள் அக்கா எழுதியிருப்பார்கள்.

நான் பதினெட்டு வருடமாக லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறேன். எங்களுக்கும் ஒரு தாள் உண்டு. கயிறு, பிரேக், கதவு, வாரம் ஒரு முறை பார்த்து டிக் போட வேண்டும். பார்க்காமல் போட்டதுண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உண்டு. என் கட்டடங்களில் கயிறு அறுந்ததில்லை, அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. அதனால் தங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டும் இல்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

பணம் அனுப்பிய செவ்வாயிலிருந்து அடுத்த திங்கள்வரை ஏழு நாள். நான் அங்கே இல்லை, இங்கே இருந்தேன். போனில் கேட்டதுதான். செவ்வாய் அவளுக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. புதன்கிழமை நர்ஸிடம் சண்டை போட்டு ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், வலது கையால் படம் வரைய வேண்டுமாம். வியாழன் டாக்டர் வந்து, நாளைக்குள் பணம் வந்தால் சனிக்கிழமை செய்துவிடலாம் என்றார். வெள்ளி மாலை போனில் என்னிடம், "பணம் எங்கப்பா வந்துக்கிட்டிருக்கு?" என்று கேட்டாள். பாதி வழி வந்துவிட்டது என்றேன். சனி முழுக்கத் தூங்கினாள். ஞாயிறு பேசவில்லை, போனைக் காதருகில் வைத்தார்கள், மூச்சு கேட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

இந்த ஏழு நாளில் ஒரு பாதிதான் என்னிடம் இருக்கிறது. மறு பாதி தங்களிடம் இருக்கிறது. அந்த நாட்களில் தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்கு எழுத வேண்டும். சமாதானம் வேண்டாம். நடந்தது மட்டும் போதும். இத்தனை மாதமாக நான் அதை விதவிதமாகக் கற்பனை செய்து ஓய்ந்துவிட்டேன். உண்மை என்னவாக இருந்தாலும் அதைவிட மோசமாக இருக்க முடியாது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
குழந்தையின் தகப்பன்

*

செப்டம்பர் 20

ஐயா,

வணக்கம். தாங்களும் குழந்தையின் தாயாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நடந்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள்.

செவ்வாய். தங்கள் பணம் பதினொரு மணிக்கு என் திரையில் நின்றது. கேள்வியை அனுப்பினேன். அன்று புதுச் செருப்பு போட்டிருந்தேன், குதிகால் கடித்தது. வீட்டுக்கு வரும்வரை அந்த நினைப்புதான்.

புதன். அக்காவின் பதில் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. பதிவில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு சகாவின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

வியாழன். மாலையில் பெட்டியைத் திறக்கப் போனேன். உண்மையாகவே போனேன். பக்கத்தில் ஒருவர் பஸ் வருகிறது என்றார். டிக் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கிடைத்தது.

வெள்ளி. மத்தியானமே டிக் போட்டுவிட்டேன். மனைவியோடு திரைச்சீலைத் துணி வாங்கப் போனேன். நிறம் பிடிக்காமல் மூன்று கடை ஏறி இறங்கினோம். தங்கள் மகள் தங்களிடம் கேட்ட நேரத்தில் மூன்றாவது கடையில் இருந்திருப்பேன்.

சனி, விடுமுறை. துணி துவைக்கிற மெஷின் தண்ணீர் ஒழுகியது. நானே பிரித்துச் சரிசெய்தேன். அன்று எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞாயிறு. அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வேலை சுலபம், மனதுக்குக் கவலையில்லை என்று எழுதினேன். முடிக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

திங்கள். ஐயா, திங்கட்கிழமை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. இந்தக் கடிதத்துக்கு இத்தனை நாள் ஆனது அதனால்தான். பதிவைப் பார்த்தேன். எட்டு ஐம்பதுக்கு வந்திருக்கிறேன், ஐந்தரைக்குப் போயிருக்கிறேன், தாளில் டிக் இருக்கிறது. மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் நினைவில்லை. காலை பத்து மணிக்கு முன்னால் ஏதாவது ஒன்று, ஒரு சத்தம், யாராவது சொன்ன ஒரு வார்த்தை, எதுவாவது அகப்படுமா என்று தினமும் தேடுகிறேன். ஒன்றும் இல்லை. மற்ற நாட்களைப் போல அதுவும் ஒரு சாதாரண நாளாகத்தான் இருந்திருக்கிறது.